கையிற் பிடிக்க முடியாத கடதாசி

புதிய கருவிகளைக் கண்டு அஞ்சி ஒதுங்குவோரைப் பற்றிய வேடிக்கைக் கதைகள் எம்மவர் வீடுகளில் நிறைய உலவுகின்றன. கடையில் தானே பணம் செலுத்தும் இயந்திரத்தோடு வாதாடிய தந்தையாரின் கதை, கைத்தொலைபேசித் திரையில் சம்பந்தியின் முகம் தோன்றியதும் எழுந்து நின்று கும்பிட்ட தாயாரின் கதை எனப் பிள்ளைகள் சொல்லிச் சிரிக்கின்றனர். நாமும் அவர்களோடு சேர்ந்து சிரித்திருக்கிறோம். அவ்வாறு சிரித்துக்கொண்டிருந்தவரை, அந்தக் கூட்டத்தில் நாமும் ஒருவர் என்பதை எவரும் கண்டுகொள்ளவில்லை. ஐம்பத்தேழு வயதில் அதனை ஒப்புக்கொள்ள நேர்ந்த கதையைத்தான் இங்கு எழுதுகிறோம்.

2024 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்து மாலைப்பொழுது ஒன்றில் எமது வீட்டுக் கதவு தட்டப்பட்டது. வெளியே நின்றவர் இரண்டு தெருக்கள் தள்ளித் தனியே வாழும் மூதாட்டி. எமது ஊருக்கு அயலூரைச் சேர்ந்தவர். நாம் அவரைப் பெரியம்மா என்றே அழைப்பது வழக்கம். அவரது மகன் வேறு நகரத்தில் தொழில் பார்க்கிறார். மழைக்கோட்டின் உள்ளிருந்து பொலித்தீன் பையொன்றை எடுத்து, அதற்குள்ளிருந்த கடித உறையைப் பிரித்து, அதனுள்ளிருந்து தமது வதிவிட அனுமதி அட்டையை எடுத்து நீட்டினார்.

“மாஸ்ரர், இதில கடைசித் திகதி எண்டு என்ன போட்டிருக்குது எண்டு ஒருக்காப் பாருங்கோ. இந்தக் காட் எல்லாம் மார்கழியோட முடியுதாம் எண்டு கடையில கதைக்கினம். இனி எல்லாம் போனிலதானாம்.”

மூக்குக்கண்ணாடியை அணிந்துகொண்டு அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். 2024 டிசம்பர் 31 என்றிருந்தது. அதற்கு மேல் எமக்கு ஒன்றும் விளங்கவில்லை. “விளங்கவில்லை பெரியம்மா, மகளிடம் கேட்டுச் சொல்கிறோம்” என்று சொல்லியிருக்கலாம். ஆனால் ஊரிலும் சரி, இங்கும் சரி, கடிதமொன்று வந்தால் எம்மவர் முதலில் கொண்டுவந்து காட்டுவது மாஸ்ரரிடம். மாஸ்ரருக்கும் விளங்கவில்லை என்ற சொல் எமது வாயிலிருந்து வர மறுத்தது. “இதைப் பற்றி விசாரிக்கவேண்டியிருக்கிறது, பின்னர் சொல்கிறோம்” என்று கனத்த குரலில் கூறி அனுப்பிவிட்டோம். அவர் அட்டையை மீண்டும் உறையிலும் உறையைப் பையிலும் வைத்துக்கொண்டு போனார்.

பின்னர் நாம் விசாரிக்கவில்லை. கேட்கவேண்டிய இடம் எமது வீட்டிலேயே இருந்தது. ஆனால் அங்கு நாம் பல ஆண்டுகளாக வேறொரு வேடம் தரித்திருந்தோம். வங்கிக் கணக்கு, மின்கட்டணம், வைத்தியரிடம் நேரம் குறித்தல் யாவும் மனைவியும் மகளும் பார்த்துக்கொள்பவை. யாரேனும் கேட்டால், “எமக்கு இவற்றில் நாட்டமில்லை, ஒரு நல்ல புத்தகம் போதும்” என்போம். கலைப்பட்டதாரி ஒருவர் அவ்வாறு சொல்வது பொருத்தமாகவும் இருந்தது. உண்மையில் அது நாட்டமின்மை அன்று. பிழையான இடத்தில் விரலை வைத்துவிட்டால் என்ன நேருமோ என்னும் பயம். அந்தப் பயத்துக்கு நாம் இரசனை என்று பெயர் வைத்திருந்தோம்.

ஆகவே பெரியம்மாவைச் சந்திப்பதைத் தவிர்த்தோம். கடைக்குச் செல்லும்போது மற்றத் தெருவால் சுற்றிச் சென்றோம். இவ்வாறு மூன்று வாரங்கள் கழிந்தன.

சனிக்கிழமைகளில் நாம் தமிழ்ப் பாடசாலை ஒன்றில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறோம். ஒரு சனிக்கிழமை, தேநீர் வேளையில் பெற்றோர் சிலர் இதே அட்டையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தனர். ஒருவர் சொன்னார்: “அது காட்டின்ர திகதி மட்டும்தான். ஆக்களின்ர விசா முடியிற திகதி இல்லை. நிரந்தரமா இருக்கிற ஆக்களுக்கும் இதே திகதியைத்தான் அடிச்சு வைச்சிருக்கினம்.” இந்நாட்டு அரசாங்கம் அட்டைகளைக் கைவிட்டு, ஒருவருடைய அனுமதியை இணையக் கணக்கில் பார்க்கும் முறைக்கு மாறுகிறது, அந்தக் கணக்கைத் திறந்துகொள்ளவேண்டும், அதற்குக் கட்டணம் எதுவும் இல்லை. செய்தி இவ்வளவுதான். இதனை அறிந்து சொல்ல எமக்கு ஒரு நிமிடம் போதுமாயிருந்திருக்கும்.

அன்று மாலையே பெரியம்மாவின் வீட்டுக்குச் சென்றோம். கதவைத் திறந்து உள்ளே வரச் சொன்னார். கதவோரத்தில் சிறிய பயணப் பை ஒன்று இருந்தது. மகனிடம் போகப் போகிறீர்களா என்று கேட்டோம். அவர் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை.

“இல்லை மாஸ்ரர். மார்கழியோட முடிஞ்சால், வந்து கூட்டிக்கொண்டு போவினமோ தெரியாது. அந்த நேரத்தில ஒண்டையும் தேடிக்கொண்டு நிக்கேலாது. அதுதான் எடுத்து வைச்சனான்.”

பையில் இரண்டு சேலைகள், ஒரு கம்பளிச் சட்டை, மருந்துகள், காலமாகிவிட்ட கணவரின் படம் ஆகியவை இருந்தன. மகனுக்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை. “அவனுக்கு வேலை. போனைப் பற்றிக் கேட்டால் கோவம் வரும்” என்றார். மகன் வாங்கிக் கொடுத்த விலையுயர்ந்த கைத்தொலைபேசி ஒரு துவாயிற் சுற்றப்பட்டு அலுமாரிக்குள் இருந்தது. மகன் அழைத்தால் எடுப்பதற்கு மட்டுமே அது வெளியே வரும். மூன்று வாரங்கள் நாம் வேறு தெருவால் நடந்துகொண்டிருந்தபோது, எழுபத்தெட்டு வயதான ஒருவர் நாடு கடத்தப்படுவதற்கு ஆயத்தமாகத் தனியே இருந்திருக்கிறார்.

அவருடைய அனுமதி முடியவில்லை என்பதையும், முடிவது அட்டை மாத்திரமே என்பதையும் விளக்கினோம். அவர் நம்பினாரா என்பது ஐயமே. “அப்ப என்ர விசா எங்க இருக்குது?” என்று கேட்டார். கணினியில் என்றோம். “யாற்ற கணினியில?” என்று கேட்டார்.

வேடிக்கைக் கதைகளோடு இந்தக் கேள்வியையும் சேர்த்துச் சிரிக்கலாம். எமக்கு அன்று சிரிப்பு வரவில்லை. வீடு திரும்பும் வழியெல்லாம் அதனையே எண்ணிக்கொண்டு நடந்தோம்.

எம்மவர் இயந்திரத்துக்கு அஞ்சியவர்கள் அல்லர். 1990 ஆம் ஆண்டு யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடையினால் பற்றரிகளும் வராமற் போயின. அக்காலத்தில் வானொலி கேட்பதற்கு எம்மவர் கண்ட வழியை வாசகர்களிற் பலர் மறந்திருக்க மாட்டார்கள். சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, டைனமோவிலிருந்து கம்பியை இழுத்து வானொலியிற் பொருத்தி, பிள்ளைகள் முறைவைத்து மிதிக்க, பெரியவர்கள் பிபிசி தமிழோசையும் வெரித்தாசும் கேட்டார்கள். மிதிப்பவன் களைத்தால் செய்தி தேய்ந்து இழுபடும்; “உழக்கடா தம்பி” என்று திண்ணையிலிருந்து குரல் வரும். பெற்றோல் கிடையாத காலத்தில் சில துளி பெற்றோலில் உயிர் கொடுத்து மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிளை ஓட்டினார்கள். ஜாம் போத்தலில் விளக்குச் செய்து, அவ்வெளிச்சத்திற் படித்த பிள்ளைகள் பல்கலைக்கழகம் சென்றார்கள். பெரியம்மாவின் வீட்டிலும் அந்தச் சைக்கிள் இருந்தது. மூத்த மகன் மிதிக்காத இரவுகளில் தாமே கையால் பெடலைச் சுற்றியதாகச் சொல்லியிருக்கிறார்.

அந்தக் கைகளுக்குக் கண்ணாடித் திரையொன்றைத் தொடுவது எப்படிக் கடினமாயிற்று? சைக்கிளில் எந்தச் சில்லு எதைச் சுற்றுகிறது என்பதைக் கண்ணாற் காணலாம். கம்பி கழன்றால் மீண்டும் பூட்டலாம். பிழை நேர்ந்தால் வானொலி நிற்கும். அதற்கு மேல் ஒன்றும் நேராது. திரையில் நேரும் பிழையோ எங்கே போய் முடியும் என்பது தெரிவதில்லை. அகதியாய் வந்தவர்களுக்கு அந்த ஐயம் இருமடங்கு. விண்ணப்பப் படிவத்தில் ஒரு திகதி மாறிவிட்டதனால், அடுத்த விசாரணையில் “முன்னர் வேறுவிதமாகச் சொன்னீர்களே” என்று கேட்கப்பட்டவர்கள் எம்மிடையே இருக்கிறார்கள். ஒரு தவறான எழுத்துக்கு என்ன விலை என்று அறிந்தவர்கள் அவர்கள்.

கடதாசியின் கதையும் உண்டு. தேசிய அடையாள அட்டை இல்லாமல் வெளியே இறங்கியவர் வீடு திரும்புவார் என்பதற்கு உறுதியில்லாத காலத்தில் நாம் வாழ்ந்தோம். 1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 ஆம் திகதி யாழ்ப்பாணம் முழுவதும் தென்மராட்சியை நோக்கிப் பெயர்ந்த இரவில், மழையில் நனைந்தபடி நாவற்குழிப் பாலத்தை நோக்கி அடி அடியாக நகர்ந்த சனத்துள் நாமும் ஒருவர். வீட்டிலிருந்து எடுத்து வந்தவை மிகச் சில. பட்டச் சான்றிதழும் பிறப்புச் சாட்சிப் பத்திரங்களும் காணி உறுதியும் பொலித்தீன் பையொன்றில் சுற்றப்பட்டு எமது சட்டைக்குள் இருந்தன. புத்தகங்கள் யாவும் போய்விட்டன. அந்தப் பை மட்டும் இலண்டன் வரை வந்து சேர்ந்தது. தம்மை யாரென்று நிறுவும் கடதாசியை உடலோடு கட்டிக்கொண்டு உயிர் தப்பியவரிடம், இனி அது கையில் இராது, எங்கோ ஒரு கணினியில் இருக்கும் என்றால், யாருடைய கணினியில் என்று அவர் கேட்கத்தானே செய்வார்?

இந்நாட்டு வரலாற்றிலும் இதற்கு ஒரு பாடம் உண்டு. புதிய கருவிகளை வெறுப்போரை ஆங்கிலேயர் ‘லடைற்’ என்று ஏளனஞ் செய்வர். 1811 ஆம் ஆண்டு நொட்டிங்காம்ஷயரில் நெசவுச் சட்டங்களை உடைத்த தொழிலாளரிடமிருந்து வந்த பெயர் அது. அவர்கள் இயந்திரம் அறியாத பாமரர் அல்லர். அதிலேயே வேலை செய்து வாழ்ந்தவர்கள். தமது கூலியும் தொழிலும் பறிபோவதையே எதிர்த்தார்கள். சட்டங்களை உடைப்போருக்கு மரண தண்டனை விதிக்க 1812 இல் மசோதா கொண்டுவரப்பட்டபோது, கவிஞர் பைரன் பிரபுக்கள் சபையில் எழுந்து அதனை எதிர்த்துப் பேசினார். ஆயினும் மசோதா சட்டமாயிற்று. அத்தொழிலாளரின் பெயர் இன்றுவரை அறியாமைக்கு அடையாளமாக வழங்கி வருகிறது. எதற்கு அஞ்சுகிறாய் என்று ஒருவரைக் கேளாமல், அஞ்சுகிறாய் என்று மட்டும் சொல்லிச் சிரிப்பது பழைய வழக்கம்தான்.

இவ்வளவும் எண்ணியபின், கற்றுக்கொள்வதைத் தவிர வேறு வழி எமக்கு இருக்கவில்லை. மகளிடம் உண்மையைச் சொன்னோம். அவள் மகிழ்ச்சியோடு அருகில் அமர்ந்தாள். ஆனால் அவளது விரல்கள் எமது கண்களைவிட வேகமானவை. மூன்றாம் முறை நாம் தவறியபோது, “அப்பா, இப்பத்தானே காட்டினனான்!” என்றாள். அவளிடம் குற்றமில்லை, வேலை முடிந்து களைத்து வந்தவள். எமக்குச் சுருக்கென்றது வேறு காரணத்தால். அந்த வாக்கியம் எம்முடையது.

1993 ஆம் ஆண்டு, வலிகாமத்துப் பாடசாலை ஒன்றில் ஒரு மாணவனைக் கரும்பலகைக்கு அழைத்து, புணர்ச்சி விதியொன்றை எழுதச் சொன்னோம். அவனுக்கு வரவில்லை. “இப்போதுதானே சொல்லித் தந்தேன்” என்றோம். வகுப்பு முழுவதும் சிரித்தது, நாம் அடக்கவில்லை. அதன் பின் அவன் எமது பாடத்தில் வாய் திறக்கவேயில்லை. அவனை மந்தமானவன் என்று நாம் முடிவுசெய்தோம். கரும்பலகையின் முன் நிற்கும் ஒருவனுக்கு முதுகுப்புறத்தில் கேட்கும் சிரிப்பு எத்தகையது என்பது, மகளின் அருகில் அமர்ந்திருந்த அந்தக் கணத்தில்தான் எமக்குத் தெரிந்தது.

எமக்குச் சொல்லித் தர ஒருவன் கிடைத்தான். சனிக்கிழமைப் பாடசாலையில் எம்மிடம் படிக்கும் பதினான்கு வயதுச் சிறுவன். ரகர றகர வேறுபாடு அவனுக்கு இன்னும் பிடிபடவில்லை. நாம் அதற்காக அவனை ஏசுவதில்லை. இந்நாட்டில் தமிழ் படிக்க வருவதே பெரிதென்று பொறுத்துக்கொள்வோம். அந்தப் பொறுமையை அவன் எமக்குத் திருப்பித் தந்தான். தொலைபேசியை அவன் தன் கையில் எடுக்கவேயில்லை. மேசையின் கீழ் கைகளை வைத்துக்கொண்டு, எங்கே தொடவேண்டும் என்று வாயாற் சொன்னான். நாம் தவறிய இடத்தில், “பரவாயில்லை சேர். பிழையா அமத்தினாலும் ஒண்டும் உடையாது. இந்த அம்புக்குறியை அமத்தினால் முந்தின இடத்துக்கு வரலாம்” என்றான். திரும்பி வர வழி உண்டு என்பதை அதற்கு முன் எவரும் எமக்குச் சொல்லவில்லை. ஒவ்வொரு படியையும் கொப்பி ஒன்றில் எழுதிக்கொண்டோம்.

அப்போது இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. 1999 இல் இந்நாட்டுக்கு வந்த புதிதில் பெற்றோல் நிலையம் ஒன்றில் இரவு வேலை கிடைத்தது. அங்கிருந்த ரில் இயந்திரத்தைப் பார்த்துக் கை நடுங்கியது. பருத்தித்துறையைச் சேர்ந்த ஒருவர், தமது வேலை நேரம் முடிந்த பின்னரும் மூன்று இரவுகள் எமக்குப் பக்கத்தில் நின்றார். நான்காம் இரவு தனியே நின்றோம். எம்மால் எதையும் பழக முடியாது என்பது ஒருபோதும் உண்மையாக இருந்ததில்லை. யாரேனும் பக்கத்தில் நின்றபோதெல்லாம் பழகியிருக்கிறோம்.

நவம்பர் மாத இறுதியில் நாமும் அச்சிறுவனும் பெரியம்மாவின் வீட்டுக்குச் சென்றோம். துவாயிலிருந்து கைத்தொலைபேசி வெளியே வந்தது. முதலில் அவருக்கென ஒரு மின்னஞ்சல் முகவரி அமைத்தோம். பின்னர் செயலியை இறக்கி, அட்டையைப் படம் பிடித்து, தொலைபேசியை அதன்மேல் வைத்து உள்ளிருக்கும் விபரங்களை வாசிக்கச் செய்தோம். குறுஞ்செய்தியில் வந்த இலக்கங்களை அவர் ஒவ்வொன்றாகத் தமிழில் உரத்து வாசித்தார். முகத்தைப் படம் பிடிக்கும் கட்டம் வந்தபோது தலையை வாரிக்கொண்டு வந்து, “சிரிக்கலாமோ?” என்று கேட்டார். வேண்டாம் என்றான் சிறுவன். ஆனால் அவன்தான் சிரித்தான், பெரியம்மாவும் சிரித்தார். எல்லாத் தொடுதல்களும் அவருடைய விரலாலேயே நிகழ்ந்தன. இரண்டு மணித்தியாலங்கள் சென்றன. சிறுவன் தனியே செய்திருந்தால் அரை மணியில் முடிந்திருக்கும்.

சில நாட்களின் பின் கணக்கு ஆயத்தமாயிற்று. திரையில் அவரது பெயரும் படமும், காலவரையற்று வாழும் அனுமதியும் தோன்றின. அதனைத் தமிழில் வாசித்துக் காட்டினோம். வீட்டுக்காரருக்கோ வேறு எவருக்கோ அனுமதியைக் காட்டவேண்டி வந்தால், அந்தக் கணக்கிலிருந்து ஒரு குறியீட்டை எடுத்துக் கொடுக்கவேண்டும். அது தொண்ணூறு நாட்களுக்குச் செல்லும் என்பதையும் விளக்கினோம். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “இதை ஒரு கடதாசியில எடுத்துத் தரேலாதோ?” என்றார். அச்சிட்டுத் தரலாம், ஆனால் அது அத்தாட்சியாகாது என்றோம். “அது பரவாயில்லை” என்றார். அச்சிட்டுக் கொடுத்தோம். நான்காக மடித்து, பழைய அட்டையோடு சேர்த்து, அதே பொலித்தீன் பைக்குள் வைத்தார். யாருடைய கணினியில் என்ற கேள்விக்கு அவருக்குத் திருப்தி தரும் விடை எம்மிடம் இருக்கவில்லை. இப்போதும் இல்லை.

பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். தாய் தந்தையருக்குத் தொலைபேசி வாங்கிக் கொடுப்பது பெரிய காரியமன்று. அதன் பக்கத்தில் அமர்வதுதான் காரியம். அமரும்போது கைகளை மேசையின் கீழ் வைத்துக்கொள்ளுங்கள். படிகளைப் பெரிய எழுத்தில் தமிழில் எழுதிக் கொடுங்கள். வங்கி இரகசிய இலக்கத்தை எவர் கேட்டாலும் சொல்லவேண்டாம் என்பதையும், அறியாதவரிடமிருந்து வரும் செய்தியில் உள்ள இணைப்பைத் தொடவேண்டாம் என்பதையும் முதற் பக்கத்தில் எழுதுங்கள். அத்தகைய அச்சம் நல்லது, அதைப் போக்கவேண்டாம்.

எமது வயதினருக்கும் ஒன்று. இந்நாட்டில் வங்கிக் கிளைகள் மூடப்பட்டு வருகின்றன. பழைய கம்பித் தொலைபேசிகளும் 2027 ஜனவரிக்குள் இணையவழிக்கு மாற்றப்படவுள்ளன. “எமக்கு நாட்டமில்லை” என்று சொல்லிக்கொண்டு எவ்வளவு காலம் இருக்க முடியும்? தெரியாது என்று சொல்ல எமக்கு மூன்று வாரங்கள் சென்றன. அந்த மூன்று வாரங்களுக்கு நாம் விலை கொடுக்கவில்லை, பெரியம்மா கொடுத்தார்.

இப்போது சனிக்கிழமைகளில் வகுப்பு முடிந்தபின் அரை மணி நேரம் அங்கேயே இருக்கிறோம். சிறுவனும் இருக்கிறான். நால்வர் ஐவர் தொலைபேசியோடு வருகிறார்கள். எமக்குத் தெரிந்ததைச் சொல்கிறோம். தெரியாததை அவனிடம் கேட்கிறோம், எல்லோர் முன்னிலையிலும். சென்ற மாதம் பெரியம்மா தமது தோழி ஒருவரை அழைத்து வந்தார். தொலைபேசியை அவர் எம்மிடம் நீட்டியபோது, பெரியம்மா இடைமறித்து, “மாஸ்ரரிட்டக் குடாதை, நீயே அமத்து. ஒண்டும் உடையாது” என்றார். கதவோரத்துப் பையைப் பற்றி நாம் அவரிடம் பிறகு கேட்கவில்லை. கடைசியாக அவருடைய வீட்டுக்குச் சென்றபோது அது அங்கே இருக்கவில்லை.